மீதி நான்கு

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று விசாரிக்க எழுதவில்லை. அதனால் நலம் என்று நீயும் பதில் போட வேண்டாம். ஒரு வேலை இருக்கிறது, அதை மட்டும் செய்து கொடு.

என் சின்னவள் போன வாரம் மாடிப்படியில் விழுந்து இடது கை முறிந்துவிட்டது. அவளுக்கு எட்டு வயது. நீ அவளைப் பார்த்ததே இல்லை. அவள் அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. அப்போது நீ அனுப்பிய கடிதம் வந்தது. பதில் போடத் தோன்றவில்லை, போடவில்லை.

இங்கே மாவுக்கட்டுப் போட்ட டாக்டருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. எலும்பு ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்டால் சிரிக்கிறார். நீ அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக மாவுக்கட்டு அறையில்தானே இருக்கிறாய். எக்ஸ்ரே படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்பியிருக்கிறேன். எலும்பு சேருமா, கை கோணாமல் வருமா, ஆறு வாரத்தில் கட்டைப் பிரித்துவிடலாமா என்று மூன்று வரி எழுது. போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் வைத்துவிடுவேன்.

தையல் கடை ஓடுகிறது. அப்பா இந்த எழுபத்து நாலு வயதிலும் காலை எட்டு மணிக்கு மெஷினில் உட்கார்ந்துவிடுகிறார். அவர் உன்னைக் கேட்கவில்லை. கேட்டதாகப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

தம்பி

பிப்ரவரி 8

தம்பிக்கு,

உன் மூன்று வரி முதலில். எலும்பு சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த டாக்டரைக் குறை சொல்லாதே, வேலை தெரிந்தவர். கை நேராக வரும், ஆறு வாரம் போதும். தினமும் அவள் விரல் நுனிகளைப் பார். நீலம் பாய்ந்தாலோ, மரத்துப்போகிறது என்று அவள் சொன்னாலோ, மணி பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடு.

இனி நான் கேட்கிறேன். யார் அடித்தது?

மாடிப்படி என்று எழுதுகிறாய். படியில் விழும் பிள்ளை உள்ளங்கையை ஊன்றும். ஊன்றினால் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் முறியும். ஒரு நாளைக்கு நாலு பிள்ளைகளுக்காவது அந்த இடத்தில் நான் கட்டுப் போடுகிறேன். நீ அனுப்பிய படத்தில் முறிந்திருப்பது சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, அதுவும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நட்டநடுவில், குறுக்காக. பக்கத்து எலும்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்த இடம் ஒரே ஒரு விதத்தில்தான் முறியும். மேலே வருகிற அடியைக் கையைக் குறுக்கே கொடுத்துத் தடுத்தால் முறியும். எங்கள் அறைக்கு அப்படி வருகிற பெண்களும் படியில்தான் விழுந்திருப்பார்கள், குளியலறையில்தான் வழுக்கியிருப்பார்கள். நான் ஒன்றும் கேட்காமல் துணியை நனைப்பேன்.

உன்னிடம் கேட்கிறேன். ஏனென்றால் உன் இடது கையிலும் அதே இடம். அதை முறித்தவள் நான். அந்தப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த என் முகத்தைக் கண்டு, கூட வேலை செய்கிறவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அப்பா மறுபடி ஆரம்பித்துவிட்டாரா? உன் பெரியவன் கையில் கஜக்கோலைக் கொடுத்திருக்கிறாரா? மழுப்பாமல் எழுது.

அக்கா

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் விரல் நீலமாவது பற்றி எழுதியிருந்தாயே என்று பொறுக்கி ஒட்டிப் படித்தேன்.

கேட்க உனக்கு என்ன அருகதை இருக்கிறது? முறித்தவள் நான் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறாய். மீதியை நான் எழுதுகிறேன், உட்கார்ந்து படி. எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினாலு. இஸ்திரிப் பெட்டியை யாரோ தைக்கக் கொடுத்த கோட்டின் மேல் மறந்து வைத்துவிட்டேன். முதுகுப் பக்கம் கருகிவிட்டது. அப்பா மெஷின் மிதிப்பதை நிறுத்தினார். ஆறு என்றார். நீ போய்த் துணி அளக்கிற கஜக்கோலை எடுத்து வந்தாய். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நான் சுவரைப் பார்த்து நின்று எண்ணினேன். முதல் அடிக்கே மூச்சு நின்றுவிட்டது. மூன்றாவதில் காலோடு மூத்திரம் போனது. நாலாவதற்குத் திரும்பிக் கையைக் குறுக்கே கொடுத்தேன். சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது. கை தொங்கிப்போய்த் தரையில் விழுந்தேன். அதற்கு அப்புறமும் மூன்று அடித்தாய். விழுந்து கிடந்தவனை அடித்தாய். எண்ண என்னிடம் குரல் இல்லை என்று நீயே நாலு, ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டு அடித்தாய். உன் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அப்பா. தெருவே பார்க்க அழுதுகொண்டு ஓடினார். அம்மா இல்லாத வீட்டில் எனக்கு மருந்து போட்டது அவர் கை, ஆரஞ்சு உரித்து ஊட்டியது அவர் கை. அடித்தது உன் கை. நான் யாரை நினைத்து அழ வேண்டும், யாரை நினைத்துப் பல்லைக் கடிக்க வேண்டும் என்று நீயே சொல்.

ஆமாம், பெரியவன்தான் அடித்தான். அவனுக்குப் பதிமூன்று வயது. அவர்கள் அம்மா இருந்தவரை அப்பா வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பிள்ளைகள் தறிகெட்டுப் போக ஆரம்பித்தார்கள், நான் கடையைப் பார்ப்பேனா இவர்களைப் பார்ப்பேனா. அப்பா எடுத்துக் கட்டினார். அவர் தொழில் பழகிய பட்டறையில் மேஸ்திரி யாரையும் தொட மாட்டாராம். ஒரு பையன் தப்புச் செய்தால் இன்னொரு பையன்தான் அடிக்க வேண்டும். தைக்கிற கை அடிக்கக் கூடாது, அடித்தால் நடுங்கும், நடுங்கினால் தையல் கோணும் என்பாராம். அந்த மேஸ்திரிக்கு அவருடைய மேஸ்திரி சொன்னது. அப்படியே வருகிறது. எங்கேதான் இல்லை? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை அடித்துவிட்டு, அடித்தேன் என்று சொல்லியனுப்புவார், வீட்டில் இன்னும் நாலு விழட்டும் என்று. கெட்டா போனேன்?

சின்னவள் யாருடைய புதுத் துணியிலோ சாக்கட்டியால் பூனை வரைந்து வைத்தாள். ஐந்து என்றார் அப்பா. ஒன்று வாங்கிவிட்டு இரண்டாவதற்குக் கையைக் கொடுத்துவிட்டாள். கையில் பட்டது கணக்கில் சேராது, அது உனக்கே தெரியும். மீதி நான்கு நிற்கிறது. கட்டைப் பிரித்ததும் வாங்கிக்கொள்வாள், அத்தோடு முடிந்தது. நான் என் பிள்ளைகள் மேல் இதுவரை ஒரு விரல் வைத்ததில்லை.

இதில் நீ மூக்கை நுழைக்காதே.

தம்பி

பிப்ரவரி 19

தம்பிக்கு,

மீதி நான்கு நிற்கிறது என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். கிழிப்பதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நீ மறந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது, உனக்கு ஏழு. கடைச் சாவியைத் தொலைத்துவிட்டேன், எட்டு என்றார். ஐந்தாவதில் நான் மயங்கி விழுந்தேன். உடம்பு கொதித்தது, அம்மை என்றார்கள். "மூணு நிக்குது, காய்ச்சல் விடட்டும்" என்று சொல்லிவிட்டு அப்பா மெஷினை மிதிக்கப் போய்விட்டார். பதினோரு நாள் படுத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீர் கொடுத்தார், நெற்றியில் ஈரத்துணி போட்டார், கதை சொன்னார். காய்ச்சல் விடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டே கிடந்தேன். ஈரத்துணியை அவர் அந்தப் பக்கம் போனதும் எடுத்து எறிவேன். அந்தப் பதினோரு நாளும் படுக்கையை நனைத்தது யார் தெரியுமா? நீ. அதற்கு முன்னால் மூன்று வருடமாக நீ நனைத்ததில்லை. அடி வாங்கப் போகிறவள் நான், அடிக்கப் போகிறவன் நீ, இரண்டு பேருமே காத்திருந்தோம். பன்னிரண்டாம் நாள் காலையில் என்னைக் குளிப்பாட்டிச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அந்த மூன்று அடி எனக்கு ஞாபகம்கூட இல்லை. அந்தப் பதினோரு நாள் ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது.

உன் கை தொங்கியதை நான் பார்த்தேன். அப்பா வாயைத் திறப்பதைப் பார்த்தேன். மூணு நிக்குது என்று சொல்லப் போகிறார். ஆறு வாரம் உனக்கு மாவுக்கட்டு. ஆறு வாரம் நீ அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாய், பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போவாய். அவர் வாய் மூடியிருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று அடித்தேன். மெதுவாக அடித்தால் சேராது என்பார், அதனால் முழு பலத்தோடு அடித்தேன். நாலு, ஐந்து, ஆறு என்று அவர் காதில் விழும்படி கத்தினேன். விழுந்து கிடந்த உன்னைத்தான். எலும்பு வெளியே வந்திருந்தாலும் அடித்திருப்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்கு என் மேல் பாசம் அதிகம், என்னை எப்போதும் மெதுவாக அடிப்பாய். தடவிக் கொடுக்கிற மாதிரி அடிப்பாய். "சேரல, மறுபடி ஒண்ணுலேருந்து" என்பார். நீ அழுதுகொண்டு இன்னும் மெதுவாக அடிப்பாய். ஆறு என்று சொன்ன நாளில் நான் பத்தொன்பது வாங்கியிருக்கிறேன். அடித்து முடித்ததும் என் காலைக் கட்டிக்கொண்டு, "அக்கா, மெதுவாத்தான் அடிச்சேன்" என்பாய். நான் உன் தலையைத் தடவுவேன். வேறு என்ன செய்வது, உனக்கு எட்டு வயது. முதல் அடியையே பலமாக அடிப்பதுதான் இரக்கம் என்று நான் உன்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். உன் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுத ஆசைதான். இருக்கிறது. முதுகில் ஒரு இடத்தில் தோல் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறது, குளிக்கும்போது கை படும்போதெல்லாம் உன்னை இரண்டு வார்த்தை திட்டுவேன்.

அப்பா ஒரு நாளும் கை நீட்டவில்லை என்று பெருமைப்படுகிறாய். அவருக்கு அதில் ஒரு லாபம் இருந்தது. நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வெறுத்தோம், இரண்டு பேரும் அவரிடம் போய் ஒட்டிக்கொண்டோம். அவர் என் வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னதற்கு நீ ஒன்பது வருடம் பேசவில்லை. பார், இன்றுவரை அந்தக் கணக்கு எவ்வளவு சுத்தமாக நிற்கிறது.

நான் ஏன் பிள்ளை பெற்றுக்கொள்ளவில்லை என்று இங்கே எல்லோரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். கட்டிக்கொண்ட மனிதர் கேட்டுக் கேட்டு ஒரு நாள் போயே போய்விட்டார். ஒரு பிள்ளை போதுமென்றால் பயமில்லை. இரண்டாகிவிடுமோ என்றுதான் பயந்தேன்.

மார்ச் பதினொன்றாம் தேதியோடு ஆறு வாரம் முடிகிறது. அதற்கு முன்னால் இரண்டு பேரையும் என்னிடம் அனுப்பு. உன் காலில் விழ வேண்டுமென்றால் விழுகிறேன்.

அக்கா

மார்ச் 6

அக்கா,

உன் கடிதத்தை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன். அடித்தவளே வந்து அது இரக்கம் என்றால் யார் நம்புவார்கள்? நேற்று மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் பள்ளிக்கூடம் அரை நாள். நான் முன்கட்டில் கடையில் ஒரு சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். பின்கட்டிலிருந்து சின்னவள் குரல் கேட்டது. ரெண்டு என்றாள். எனக்குக் கத்தரி கையிலிருந்து நழுவிவிட்டது. ஓடினேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தார்கள். மூணு என்றாள். தோளால் இடித்துத் திறந்தேன்.

அவள் சுவரைப் பார்த்து நிற்கிறாள். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுவரில் வைத்திருக்கிறாள், அடி கையில் படக் கூடாது என்று. பெரியவன் கஜக்கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் பின்னங்காலில் அடிக்கிறான். கொஞ்சமும் தயவில்லாமல், உடம்பு மொத்தமும் சுழன்று வர அடிக்கிறான். நான் போய்ப் பிடிப்பதற்குள் நாலாவது விழுந்துவிட்டது. நாலு என்று அவள் எண்ணிவிட்டுத் திரும்பினாள். காலில் ரத்தம் கோடு கோடாக இறங்குகிறது, அவள் சிரிக்கிறாள்.

"முடிஞ்சிருச்சுப்பா. நான்தான் அண்ணன அடிக்கச் சொன்னேன்."

பெரியவன் கீழுதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியிருந்தான். அவன் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த முகத்தை நான் முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தரையில் கிடந்தபடி பார்த்திருக்கிறேன் அக்கா. அதே முகம். எதற்கு அடித்தாய் என்று கேட்டேன். கட்டுப் பிரிக்கிறவரைக்கும் காத்திருக்க முடியாது, அவளால் சாப்பிட முடியவில்லை, என்னால் தூங்க முடியவில்லை என்றான். இவர்களுக்கு உன் கடிதத்தை யாரும் படித்துக் காட்டவில்லை.

சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்து வாசலில் நின்றார். சின்னவள் காலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். குரலை உயர்த்தவேயில்லை.

"நான் பாக்கல. நான் பாக்காதது கணக்குல சேராது. நாலு நிக்குது."

அறைந்துவிட்டேன். என் அப்பாவைக் கன்னத்தில் அறைந்தேன். கண்ணாடி பறந்தது, பல்செட் பாதி வெளியே வந்தது, உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் கொட்டியது. நன்றாக இருந்தது அக்கா. யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக இருந்தது. மறுபடியும் கையை ஓங்கிவிட்டேன். அப்போது எனக்குப் பின்னால் சின்னவள் எண்ணினாள்.

"ஒண்ணு."

கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, தைக்கிற கையைக் கெடுத்துக்கொண்டாயே என்றார். கோபமே இல்லை, நிஜமான வருத்தத்தோடு சொன்னார். இன்று காலையிலிருந்து என்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

எப்போது அனுப்பட்டும்?

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

ஞாயிறு காலை பத்து மணிக்கு உங்கள் ஊர் பஸ் நிலையத்தில் நிற்பேன். வீட்டுக்கு வர மாட்டேன். இரண்டு பேருக்கும் மூன்று செட் துணி போதும், பள்ளிக்கூடச் சான்றிதழ்களை எடுத்து வை. அவள் காலைக் கொதித்து ஆறிய தண்ணீரில் துடை, மண்ணெண்ணெய் கிண்ணெண்ணெய் என்று யாராவது சொன்னால் செருப்பால் அடி.

இல்லை, யாரையும் அடிக்காதே. பேச்சுக்கு எழுதிவிட்டேன்.

நீ இப்போது எங்களோடு வராதே. அந்தக் கை அடங்கட்டும். கிழவரைத் தனியே போட்டுவிட்டும் வராதே.

அக்கா

மார்ச் 24

தம்பிக்கு,

பஸ் நிலையத்தில் நீ என் முகத்தைப் பார்க்கவேயில்லை. பையை நீட்டும்போது உன் கை ஆடியது. நரைத்துவிட்டாய். பேச நினைத்தேன், பஸ் எடுத்துவிட்டான்.

மாவுக்கட்டை நானே பிரித்தேன். எங்கள் அறையில் உட்கார வைத்து, சின்ன ரம்பத்தால் அறுத்தேன். மற்றப் பிள்ளைகள் ரம்பச் சத்தத்துக்கே ஊரைக் கூட்டும். இவள் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கட்டு இரண்டாகப் பிளந்து கை வெளியே வந்ததும், அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இப்ப யாரு அடிப்பாங்க அத்த?"

யாரும் அடிக்க மாட்டார்கள், ஒன்றும் மீதி இல்லை என்றேன். தாத்தா சொன்னாரா என்றாள். நான் சொல்கிறேன் என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள், வேண்டாத விருந்தாளிக்குத் தலையாட்டுவது போல. அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வாசலுக்கு வந்து, இன்றைக்கா என்று கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். பத்து நாளாகக் கேட்கிறாள். அடிக்க மாட்டேன் என்று நான் சொல்வது அவள் காதில் அப்புறம் அடிக்கிறேன் என்று விழுகிறது. நான் இரக்கமாகப் பேசப் பேச அவளுக்கு நாள் நீள்கிறது. இதற்கு அம்மையே தேவலை தம்பி.

பெரியவன் அதற்கு மேல். வாய் பேசுவதில்லை. பாத்திரம் கழுவுகிறான், தண்ணீர் பிடிக்கிறான், கேட்காமலே எல்லாம் செய்கிறான். முந்தாநாள் அவன் படுக்கையைத் தட்டிப் போட்டேன். அடியில் என் வீட்டு ஜன்னல் திரைக் கம்பி இருந்தது. எதற்கு என்று கேட்டேன். நீங்கள் தேடக் கூடாது என்று எடுத்து வைத்தேன், நீங்கள் எப்போது சொன்னாலும் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றான். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

என் பேச்சு செல்லாது. அந்த வீட்டில் வாய் ஒன்றுதான், அது அவருடையது. அவர் ஒன்றும் மீதி இல்லை என்று தன் கையால் எழுதித் தர வேண்டும். கெஞ்சு, மிரட்டு, என்ன வேண்டுமானாலும் செய், எழுதி வாங்கி அனுப்பு. நான் அவரிடம் கேட்கிற முதல் பொருள் இது.

அக்கா

மார்ச் 30

அக்காவுக்கு,

சீட்டு இத்துடன் இருக்கிறது. அப்பா கையெழுத்துத்தான், கொஞ்சம் கோணியிருக்கிறது. சின்னவளிடம் அதை மட்டும் காட்டு. இந்தக் கடிதத்தைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் எரித்துவிடு.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். திரைக் கம்பி வரைக்கும் படித்தேன். காது கொடுத்துக் கேட்டார், கண்ணாடியைத் துடைத்தார். எழுதித் தருவதில் தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் நான்கு நிற்கும்போது நிற்கவில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும் என்றார். யாராவது வாங்கினால்தான் தீரும் என்றார். அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அந்த மேஸ்திரியிடம் ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்தவர், அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது.

நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நல்லது, யார் அடிப்பது என்று கேட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. "நீங்கதான் அடிக்கணும்ப்பா" என்றேன்.

தைக்கிற கை என்றார். என்னுடையதும் தைக்கிற கைதான் என்றேன். கடைக் கதவைச் சாத்தினேன், சட்டையைக் கழற்றினேன், கஜக்கோலை எடுத்து அவர் கையில் வைத்து விரல்களை மடக்கி மூடினேன். சுவரைப் பார்த்து நின்றேன். வெகுநேரம் ஒன்றும் விழவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒன்று விழுந்தது. கோட்டிலிருந்து தூசி தட்டுவது போல் இருந்தது.

சேரவில்லை என்றேன். மறுபடி ஒன்றிலிருந்து என்றேன்.

மறுபடி தட்டினார், நான் மறுபடி சேரவில்லை என்றேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியும், நான்தானே எண்ணினேன். இருபத்தாறு. பத்துக்கு மேல் அழ ஆரம்பித்தார். என்னை விட்டுருடா என்றார். அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே ஒன்றிலிருந்து என்றேன். நீ எப்படி அந்தப் பத்தொன்பதை வாங்கினாய், பொறுத்துக்கொண்டு என் தலையைத் தடவினாய் என்று நினைத்தேன். இருபத்தாறுக்கு அப்புறம் அவருக்கு வெறி வந்துவிட்டது. வாயில் ஏதோ கெட்ட வார்த்தை, அவர் வாயில் நான் கேட்டதேயில்லை. தொடர்ந்து நான்கு அடித்தார். எழுபத்து நாலு வயதில் அவ்வளவு பலம் எங்கிருந்ததோ. முதல் அடிக்கே முதுகு பிளந்துவிட்டது. நாலு என்று எண்ணிவிட்டுத் திரும்பினேன். தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வலிக்குதுடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் சீட்டை எழுதினார். அன்றிலிருந்து மெஷினில் உட்காரவில்லை. சோறு பிசைந்து கொடுத்தால் சாப்பிடுகிறார், நான்தான் கொடுக்கிறேன்.

இது தப்பான வழி என்று எனக்குத் தெரியும். அவருக்கும் சின்னவளுக்கும் புரிகிற பாஷை இது ஒன்றுதான் என்று செய்தேன். அந்த வரைக்கும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்கக் கூடாது. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ ஒரு அடி நன்றாகவே விழுந்தது. வலித்தது. சேர்ந்தது என்று சொல்லியிருக்கலாம். சேரவில்லை என்றேன். அவர் அழுதபோதும் அப்படித்தான், நிறுத்தியிருக்கலாம், எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. கேட்கக் கேட்க இன்னும் கேட்க வேண்டும் போலிருந்தது. அவரைத் தொடாமலே அடித்தேன் அக்கா. அது எனக்கு நன்றாக வருகிறது.

அதனால் பிள்ளைகளைப் பார்க்க நான் வரவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கடையை விட முடியவில்லை என்று ஏதாவது சொல்லிவை. பெரியவனை ஏதாவது விளையாட்டில் சேர்த்துவிடு, நன்றாக ஓடுவான். சின்னவளுக்குத் தூக்கத்தில் போர்வை நழுவிவிடும்.

நான் எப்போது வரலாம் என்று நீ எழுது. நீ எழுதும்வரை காத்திருக்கிறேன்.

தம்பி